இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?

காலை ஆறரை மணி. விடாத மழை. ஜெட்டியில் ஒரு தாய் நிற்கிறாள். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் மகனின் புத்தகப் பை. மகன் அவள் முந்தானைக்குள் ஒதுங்கி நிற்கிறான்.

"அண்ணே, படகு போகுமா?"

"போகும்மா. ஆனா நடுவுல அலை ஜாஸ்தியா இருக்கு."

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, லீவா?"

"அது தெரியலையே தங்கச்சி. லீவுன்னு ஒருத்தர் சொன்னாரு. அதெல்லாம் இல்லைன்னு இன்னொருத்தர் சொன்னாரு."

"அம்மா, இன்னைக்குப் பரீட்சை. போகலேன்னா டீச்சர் திட்டுவாங்க" என்கிறான் மகன்.

தாய் கடலைப் பார்க்கிறாள். மகனைப் பார்க்கிறாள். அனுப்புவதா, வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போவதா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தமான் நிகோபார் தீவுகளில் மழைக்காலம் வந்தால் இந்தப் பேச்சைப் பல ஜெட்டிகளில் கேட்கலாம். பேருந்து நிற்கும் இடத்தில் கேட்கலாம். ஓடையைக் கடக்கும் பாலத்தில் கேட்கலாம். கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் உயிர் அதில் இருக்கிறது.

பள்ளியை எப்போது மூட வேண்டும்? எப்போது மூடத் தேவையில்லை? யார் முடிவு செய்ய வேண்டும்? எந்த நேரத்தில் செய்ய வேண்டும்? இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மூன்று தவறுகள்

பள்ளி விடுமுறை விஷயத்தில் மூன்று தவறுகள் நடக்கலாம்.

முதல் தவறு, மூட வேண்டிய நாளில் மூடாமல் இருப்பது.

இரண்டாவது தவறு, தேவையில்லாத நாளில் மூடுவது.

மூன்றாவது தவறு, தாமதமாக மூடுவது. பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு, அல்லது பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகு, "இன்று விடுமுறை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்வது.

முதல் தவறு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தவறைச் சிலர் கவனிப்பார்கள். மூன்றாவது தவறை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. "எப்படியோ லீவு விட்டார்களே" என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் சில நேரங்களில் மூன்றிலும் ஆபத்தானது அதுதான். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மூடினால் நட்டம் இல்லையா?

"ஒரு நாள் லீவு விட்டால் என்ன குடி முழுகிவிடும்? பயமாக இருந்தால் மூடிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

பள்ளியை மூடுவதிலும் நட்டம் உண்டு. பள்ளியில் மதியச் சோறு கிடைக்கிறது. மூடினால் அந்தச் சோறு இல்லை. சில வீடுகளில் அது பெரிய விஷயம்.

தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போகிற வீடு என்றால், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? தனியாக விட்டுப் போனால் பிள்ளை சும்மா இருக்குமா? ஓடைக்குப் போகும். கடற்கரைக்குப் போகும். பள்ளியில் பத்திரமாக இருக்க வேண்டிய பிள்ளை, விடுமுறை விட்டதாலேயே தண்ணீரில் இறங்கும்.

படிப்பும் குறையும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 220 நாள். ஒவ்வொரு தூறலுக்கும் லீவு விட்டால் இந்தக் கணக்கு நிறையாது.

ஆகவே, பயந்து மூடுவதும் சரியல்ல. வீம்புக்குத் திறப்பதும் சரியல்ல. கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

குளிருக்காக மூடும் ஊர்கள்

இந்தத் தீவுகளில் குளிர் என்பதே கிடையாது. ஆண்டு முழுவதும் வெப்பம் பெரும்பாலும் 22 முதல் 32 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் குளிருக்காகவே பள்ளிகளை மூடும் ஊர்கள் உலகில் நிறைய உண்டு. அந்த ஊர்க்காரர்கள் பட்ட அனுபவத்திலிருந்து தீவு மக்களும் கற்றுக்கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே காஷ்மீர் பள்ளத்தாக்கில் டிசம்பரில் பள்ளிகளை மூடுவார்கள். பிப்ரவரி கடைசியில்தான் திறப்பார்கள். இங்கே கோடை விடுமுறை போல அங்கே குளிர்கால விடுமுறை.

டில்லியிலும் ஜனவரியில் குளிர் வாட்டும். சமவெளியில் இரவு வெப்பம் 10 டிகிரியோ அதற்குக் கீழோ போய், வழக்கமான அளவை விட நாலரை டிகிரி குறைந்தால், வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வேறு கணக்கே வேண்டாம். அது குளிர் அலைதான்.

2024 ஜனவரியில் டில்லி அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி உத்தரவு போடவில்லை. சிறு பிள்ளைகளுக்கு, அதாவது 5ஆம் வகுப்பு வரை, ஜனவரி 12 வரை விடுமுறையை நீட்டித்தது. பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. ஆனால் காலை 8 மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது, மாலை 5 மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று சொன்னது. மூடுவது, திறப்பது என்ற இரண்டு வழி மட்டும் இல்லை. நேரத்தை மாற்றுவது என்று மூன்றாவது வழியும் இருக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் இன்னும் குளிரான இடம். அங்கே தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே வெப்பம் போவது சாதாரணம். அதற்கெல்லாம் அங்கே பள்ளியை மூடுவதில்லை. ஆனால் 2014 ஜனவரி 6, திங்கட்கிழமை அன்று மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடினார்கள். கடுங்குளிரும் காற்றும் சேர்ந்து வரப்போகிறது என்று வானிலைத் துறை சொல்லியிருந்தது. ஆளுநர் எப்போது அறிவித்தார்? முந்தின வெள்ளிக்கிழமையே அறிவித்துவிட்டார். பெற்றோர்களுக்கு மூன்று நாள் அவகாசம் கிடைத்தது.

காற்று சேர்ந்தால் குளிர் ஏன் கூடுகிறது? குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்று பாருங்கள். உடம்பு நடுங்கும். உடம்பைச் சுற்றி இருக்கும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரம் காயும்போதும் சூடு போகிறது. குளிர் நாடுகளில் காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரிக்குப் போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்து போகலாம். பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரமே போதும். ஒரு பிள்ளையின் விரல் கெட்டுவிடும்.

கவனியுங்கள். வகுப்பறைக்குள் கணப்பு இருக்கிறது. அங்கே பிள்ளைக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வழியில்தான் இருக்கிறது. இந்தத் தீவுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். வழியில் இருப்பது அங்கே பனி. இங்கே அலை.

1888ஆம் ஆண்டின் பாடம்

தாமதமாகப் பள்ளியை விடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. அமெரிக்க நாட்டு மக்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

1888 ஜனவரி 12. அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் பெரிய சமவெளி. நெப்ராஸ்கா, டகோட்டா, மின்னசோட்டா ஆகிய பகுதிகள். பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு அன்று காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் பலர் கனமான கோட்டு இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். விவசாயிகள் வயல் வேலைக்குப் போனார்கள்.

பகலில் திடீரென்று பனிப்புயல் வந்தது. மாவு போன்ற பனித்தூள் காற்றில் பறந்தது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. வெப்பம் மளமளவென்று இறங்கியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பலர் பள்ளியில் இருந்தார்கள். பலர் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்தார்கள்.

அன்று சுமார் 235 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அதனால் அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல் என்றே பெயர் வந்துவிட்டது.

அன்று இரண்டு ஆசிரியைகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். இருவரும் நெப்ராஸ்காவில் சிறு கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள்.

ஒருவர் லோயிஸ் ராய்ஸ். அவரிடம் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பிற்பகலில் பள்ளியில் கணப்புக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பனியில் வழி தெரியவில்லை. இரவு முழுவதும் வெளியிலேயே கிடந்தார்கள். மூன்று பிள்ளைகளும் இறந்துபோனார்கள். ஆசிரியை பிழைத்தார். ஆனால் அவருடைய கால் பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொருவர் மின்னி ஃப்ரீமன். அவரிடம் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஆனால் காற்று பள்ளியின் கூரையையே பிய்த்துவிட்டது. இனி உள்ளே இருக்க முடியாது. அப்போதுதான் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து அழைத்துக்கொண்டு, சுமார் அரை மைல் தூரத்தில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இருவரும் நல்ல ஆசிரியைகள்தான். இருவரும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஒரு பள்ளியில் விறகு இருப்பு போதவில்லை. இன்னொரு பள்ளியில் கூரை உறுதியாக இல்லை. இரண்டுமே புயலுக்கு முன்பு ஊர் கவனித்திருக்க வேண்டிய வேலைகள்.

இந்தச் சம்பவம் மூன்று பாடம் சொல்கிறது.

ஒன்று. காலையில் வானம் நன்றாக இருந்தால் மாலையிலும் நன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

இரண்டு. புயல் வந்த பிறகு பிள்ளையை வழியில் விடுவது, பள்ளியிலேயே வைத்திருப்பதை விட ஆபத்து.

மூன்று. பள்ளிக் கட்டிடம் உறுதியாக இருக்க வேண்டும். அதில் ஓர் இரவு தங்கத் தேவையானவை இருக்க வேண்டும்.

இந்தத் தீவுகளில் என்ன ஆபத்து?

இங்கே ஆண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை மே மாதமே இந்தத் தீவுகளைத் தொட்டுவிடும். பிறகு வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும். பள்ளி நடக்கும் மாதங்களில் பாதிக்கு மேல் மழை மாதங்கள். மழைக்கெல்லாம் மூடினால் பள்ளியே நடக்காது.

ஆனால் சில நாட்கள் வேறு மாதிரியானவை.

2013 நவம்பர் 25, திங்கட்கிழமை. லெஹர் என்ற புயல் அதிகாலையில் போர்ட் பிளேருக்கு அருகில் தீவுகளைக் கடந்தது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஊர்தான். மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனது. அது வார விடுமுறை நாள் அல்ல, திங்கட்கிழமை என்பதைக் கவனியுங்கள். இரவில் கடந்த புயல், காலையில் பிள்ளைகள் நடக்கும் வழியில் முறிந்த கிளையையும் அறுந்த கம்பியையும் போட்டுவிட்டுப் போகும். புயல் போன மறுநாளும் ஆபத்தான நாள்தான்.

2016 டிசம்பர். ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இவை இப்போது ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு என்று அழைக்கப்படுகின்றன. கொந்தளித்த கடலில் படகுகள் போகவில்லை. சில நாள் கழித்துக் கடற்படைக் கப்பல்களும் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் வந்துதான் அவர்களை மீட்டன. அதே காற்றுதான் பிறகு வர்தா புயலாக வளர்ந்து டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது.

பணம் கொடுத்து வந்த பயணிகளுக்கே இந்த நிலை என்றால், ஒரு தீவில் வீடும் இன்னொரு கரையில் பள்ளியும் உள்ள பிள்ளைக்கு? காலையில் கடந்த கடலை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். சாத்தாமுக்கும் பேம்பூ பிளாட்டுக்கும் நடுவில் உள்ள கடல் சிறியதுதான். மக்கள் தினமும் கடக்கிறார்கள். ஆனால் சிறிய கடலும் கடல்தான்.

2022 மார்ச் மாதம் இன்னொரு விதமாக நடந்தது. புயல் வரும் என்று எச்சரிக்கை வந்தது. தீவுகளுக்கு இடையே கப்பல்கள் நிறுத்தப்பட்டன. மீன் பிடிக்கப் போக வேண்டாம் என்று சொன்னார்கள். தாழ்வான இடத்தில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் புயல் என்று பெயர். அந்த அளவுக்கு அது வளரவில்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே தீவுகளைத் தாண்டி மியான்மர் பக்கம் போய்விட்டது.

"வீணாகப் பயமுறுத்தினார்கள்" என்று சொல்லலாமா? கூடாது. குடை எடுத்துப் போன நாளில் மழை வரவில்லை என்றால், குடையைத் தூக்கி எறிவோமா? பத்து முறை எச்சரித்து ஒரு முறை உண்மையானாலும், அந்த ஒரு முறை உயிர் பிழைக்கிறது.

இன்னொரு விஷயம். வடக்கே டிக்லிபூருக்கும் தெற்கே கேம்பல் பேக்கும் இடையே சுமார் 700 கிலோமீட்டர். அந்தமானுக்கும் நிகோபாருக்கும் நடுவில் உள்ள பத்து டிகிரி கால்வாய் மட்டுமே சுமார் 150 கிலோமீட்டர் அகலம். ஒரு தீவில் மழை கொட்டும்போது இன்னொரு தீவில் வெயில் அடிக்கும். எல்லாத் தீவுக்கும் ஒரே அறிவிப்பு பொருந்தாது. எந்தத் தீவு, எந்த வட்டாரம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எச்சரிக்கையைப் படிப்பது எப்படி?

எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. எச்சரிக்கை தினமும் வருகிறது. வானொலியில் சொல்கிறார்கள். கைபேசியில் வருகிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். அதன் பொருள் தெரிந்தால்தான் பயன்.

வானிலைத் துறை நான்கு நிறங்களில் சொல்லும்.

பச்சை என்றால் கவலை வேண்டாம்.
மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், அடுத்த செய்தியைக் கேளுங்கள்.
ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள்.
சிவப்பு என்றால் இப்போதே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

மழைக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்தால் கனமழை. 115.6 முதல் மிகக் கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. மில்லிமீட்டர் என்றால் எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் அந்தத் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதிகனமழை என்றால் அதே தரையில் 200 லிட்டருக்கு மேல் விழும். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று குடத்துக்கும் அதிகம். மலைச் சரிவு முழுவதும் இப்படிக் கொட்டினால் ஓடை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

துறைமுகத்துப் புயல் கூண்டுகள் 1 முதல் 11 வரை.

1, 2: புயல் தொலைவில் இருக்கிறது. கடலில் இருக்கும் கப்பல்களுக்கு எச்சரிக்கை.
3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்.
5, 6, 7: அபாயம்.
8, 9, 10: பெரும் அபாயம்.
11: வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

எப்போது மூட வேண்டும்?

இந்தத் தீவுகளின் நிலைமைக்கு இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வட்டாரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் மூட வேண்டும். புயல் கடக்கப்போகிறது என்று அறிவித்தால் மூட வேண்டும்.

ஆரஞ்சு என்றால் வழியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கடலைக் கடக்கிறார்களா? பாலம் இல்லாத ஓடையைக் கடக்கிறார்களா? மண் சரியும் மலைப்பாதையில் வருகிறார்களா? அப்படி என்றால் மூடுவது நல்லது. எல்லாப் பிள்ளைகளும் பக்கத்திலேயே இருந்தால், நேரத்தை மாற்றி நடத்தலாம்.

படகு நின்றால், படகில் வரும் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறைதான். அவர்களுக்கு வருகைக் குறைவு போடக் கூடாது. தேர்வு இருந்தால் வேறு நாளில் வைக்க வேண்டும். "பரீட்சை போய்விடுமே" என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மோசமான கடலில் ஏறுகிறார்கள்.

புயல் போன பிறகு, அறுந்த மின்கம்பியை அகற்றி, சாய்ந்த மரத்தை வெட்டி, கூரைத் தகரத்தைப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். முடிவை முந்தின நாள் மாலையே எடுக்க வேண்டும். இரவில் நிலைமை மாறினால், பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். தூரத்துப் பிள்ளை காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடும். ஏழரை மணிக்கு வரும் அறிவிப்பு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் உதவும். யாருக்கு ஆபத்து அதிகமோ அந்தப் பிள்ளைக்கு உதவாது.

பள்ளி நடக்கும்போது வந்தால்?

பாதி நாளில் காற்று எழும்பினால், மணி அடித்துப் பிள்ளைகளைக் கலைத்து விடக் கூடாது. 1888இன் பாடம் இதுதான்.

கட்டிடம் உறுதியாக இருந்தால் எல்லோரையும் உள்ளே வைத்திருக்க வேண்டும். தகரக் கூரை உள்ள அறையிலிருந்து கான்கிரீட் கூரை உள்ள அறைக்கு மாற்ற வேண்டும். ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்கக் கூடாது. பெற்றோர் வந்து கேட்டால், பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பலாம். கடைசிப் பிள்ளை போகும் வரை ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். நனைந்த பிள்ளைக்கு உலர்ந்த துணி கொடுக்க வேண்டும். குளிர் இல்லாத ஊரிலும் ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் சிறு பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப்போகும்.

ஒரே ஒரு விஷயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். நிலம் பலமாக ஆடினால் கட்டிடத்துக்குள்ளும் இருக்கக் கூடாது, அறிவிப்புக்கும் காத்திருக்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் மேட்டை நோக்கிப் போக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. பிறகு சுனாமி வந்தது. கார் நிகோபார், கச்சால், கேம்பல் பே போன்ற இடங்களில் பெரும் சேதம். பள்ளிக் கட்டிடங்களும் போயின. அன்று ஞாயிற்றுக்கிழமை. வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. எல்லா முறையும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது.

ஊர் செய்ய வேண்டியது

விடுமுறை அறிவிப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஆனால் அந்த அறிவிப்பு கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வது ஊரின் வேலை. ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். மழைக்காலத்துக்கு முன்பே அந்தக் குழு கூடி இவற்றைச் செய்யலாம்.

எந்தப் பிள்ளை எந்த வழியில் வருகிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். படகில் வருபவர்கள், ஓடை கடப்பவர்கள், காட்டு வழியில் நடப்பவர்கள் என்று பிரித்து எழுத வேண்டும்.

எந்த வீட்டுக்கு யார் செய்தி சொல்வது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கைபேசி இல்லாத வீட்டையும், சிக்னல் கிடைக்காத வீட்டையும் முதலில் குறிக்க வேண்டும்.

ஜெட்டியில் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். "இன்று பள்ளி உண்டு" அல்லது "இன்று பள்ளி இல்லை". இரண்டில் ஒன்றை விடியும் முன் ஒருவர் எழுத வேண்டும். எழுதப் படிக்கக் கற்ற எவரும் இதைச் செய்யலாம்.

பள்ளியில் குடிநீர், அரிசி, பருப்பு, டார்ச் விளக்கு, போர்வை, மருந்துப் பெட்டி இவற்றை இருப்பு வைக்க வேண்டும். கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்க்க வேண்டும். கட்டிடத்தின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்ட வேண்டும்.

பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண்களைச் சுவரில் பெரிதாக எழுத வேண்டும். மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077. அவசர உதவிக்கு 112.

மறுபடியும் ஜெட்டிக்கு வருவோம். அதே மழை. அதே தாய். ஆனால் இந்த முறை ஜெட்டியில் கரும்பலகை தொங்குகிறது. தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

"இன்று பள்ளி இல்லை. கடல் மோசம். தேர்வு வேறு நாள்."

"வாடா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறாள் மகனிடம். திரும்பும் வழியில் இன்னொரு பெண் பிள்ளையோடு எதிரே வருகிறாள்.

"அக்கா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?"

"இல்லம்மா. போர்டுல எழுதியிருக்கு. நானே படிச்சேன்."

சிந்திக்க

1. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் எந்த இடம் ஆபத்தானது?
2. பள்ளி விடுமுறைச் செய்தி உங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது? எப்படி வருகிறது?
3. உங்கள் பள்ளியில் ஓர் இரவு நாற்பது பிள்ளைகள் தங்க நேர்ந்தால் என்னென்ன தேவைப்படும்? பட்டியல் எழுதுங்கள்.
4. ஆரஞ்சு எச்சரிக்கைக்கும் சிவப்பு எச்சரிக்கைக்கும் என்ன வித்தியாசம்? படிக்கத் தெரியாத ஒருவருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள்.